அட்டையும் அடைமொழியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர் ஆரணி. ஆற்றை அணியாகக் கொண்டமையால் இப்பெயர் வந்தது என்று சொல்வாரும் உளர். நெல்லுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது இவ்வூர். நெல் ஊருக்கு வெளியே விளைகிறது. பட்டு வீட்டுக்குள்ளே விளைகிறது. நெசவாளர் வாழும் தெருக்களில் பகற்பொழுதில் நடந்து செல்வோர் செவியில் தறியின் ஓசை விழாமற் போகாது. திண்ணையைத் தாண்டி உள்ளே நோக்கினால், குழித்தறியின் முன் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் தலைக்குமேல் ஒரு பெட்டி இருக்கும். அப்பெட்டியிலிருந்து துளைகள் நிறைந்த அட்டைகள் மாலைபோலக் கோக்கப்பட்டுத் தொங்கும். அவர் மிதியை மிதிக்குந்தோறும் அம்மாலை ஓர் அட்டை அளவு நகரும்.

அந்த அட்டைகளை முதன்முறை காண்போர், அவை எதற்கு என்று வினவுவது இயல்பு. தறியில் நீளவாட்டில் கட்டப்பட்ட இழைகள் பாவு எனப்படும். குறுக்கே நாடா கொண்டு செல்லும் இழை ஊடை எனப்படும். பாவிழைகளுள் சில மேலெழ, மற்றவை கீழே நிற்க, இடையில் தோன்றும் வழியில் நாடா பாய்கிறது. எளிய துணிக்கு ஒன்றுவிட்டு ஒன்று எழுந்தால் போதும். மயிலும் மாங்காயும் யாளியும் முந்தானையில் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இழைகள் எழவேண்டும். எவை எழவேண்டும் என்பதை நெசவாளர் நினைவில் வைத்துக்கொள்ள இயலுமா? ஒரு மாங்காய்க்கே அது முடியாத செயல்.

ஆதலின், அந்நினைவு வேறோர் இடத்தில் சேமித்து வைக்கப்பட்டது. முற்காலத்தில் காஞ்சிபுரம் முதலிய இடங்களில் 'அடை' என்னும் நூற்கட்டு முறை வழங்கியது. எழவேண்டிய இழைகளைக் கோலத்திற்கேற்பக் கட்டுகளாக முன்னரே கட்டி வைப்பர். நெய்யும்போது உடனிருப்பவர் அக்கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தருவார். ஒரு தறிக்கு இருவர் வேண்டும். பிரான்சு நாட்டில் பட்டு நெசவிற்குப் புகழ்பெற்ற லியோன் நகரிலும் இத்தகைய நிலையே இருந்தது. அந்நகரத்தைச் சார்ந்த ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டளவில் அமைத்த பொறி, இழுத்துத் தருவோரின் வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தது. இவ்வெண்ணம் அவருக்கே முதலில் தோன்றியதன்று; 1725இல் பூசோன் என்பவர் துளையிட்ட தாளைக் கொண்டும், சில ஆண்டுகளின் பின் பால்கோன் என்பவர் அட்டைகளைக் கொண்டும் முயன்றிருந்தனர். ஆயினும் பெயர் நிலைத்தது ஜக்கார்டுக்கே. ஆரணியில் நெசவாளர் தலைக்குமேல் இருக்கும் பெட்டியும் ஜக்கார்டு பெட்டி என்றே அழைக்கப்படுகிறது.

அப்பெட்டி இயங்கும் முறை எளிது. ஓர் ஊசிக்கு எதிரே அட்டையில் துளை இருப்பின் ஊசி அதனுள் நுழையும். அதனோடு சேர்ந்த கொக்கி தன் பாவிழையைத் தூக்கும். துளை இல்லையாயின் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை கீழே நிற்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. 240 கொக்கிகள் உள்ள பெட்டியில், 200 ஊடைகளில் முடியும் ஒரு கோலத்திற்கு 200 அட்டைகள் வேண்டும். துளை உண்டா, இல்லையா என்று 48,000 இடங்களில் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவுகளைச் செய்பவர் யார்?

தறிக்கு வருமுன் கோலம் மூன்று கைகளைக் கடக்கிறது. முதலில், கோலம் வரைபவர் கட்டங்கள் நிறைந்த தாளில் அதை வரைகிறார். நெடுக்குக் கட்டம் ஒன்று ஒரு கொக்கியையும், கிடைவரிசை ஒன்று ஓர் அட்டையையும் குறிக்கும். அடுத்து, அட்டை குத்துபவர் அத்தாளை வரிசை வரிசையாகப் படித்துத் துளையிடுகிறார். பின்னர் அட்டைகள் எண் முறைப்படி நூலால் கோக்கப்பட்டு நெசவாளர் வீட்டை அடைகின்றன. நெசவாளர் கட்டத்தாளைக் காண வேண்டுவதில்லை. அவருடைய தறி அட்டையை மட்டுமே அறியும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முந்தானை முழுதும் ஜரிகை நிலமாக நிற்க, அதன்மேல் பட்டிழையால் மாங்காய்கள் தோன்றுமாறு ஒரு கோலம் வரையப்படுவதாகக் கொள்வோம். ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன் முலாம் பூசிய இழை. அவ்வூடை மேலே தெரியவேண்டுமாயின் பாவிழைகள் கீழே நிற்க வேண்டும். அட்டையில் துளை கூடாது. ஆனால் எங்குமே துளை இல்லையாயின் ஜரிகை பிடிமானமின்றித் துணியின்மேல் நீண்டு கிடக்கும். உடுத்துவோரின் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி அறுந்துபோகும். ஆதலால் இடையிடையே ஒரு பாவிழை எழுந்து ஜரிகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டு இழைக்கு ஒன்று என்பது ஒரு முறை. அதுவும் எல்லா வரிசையிலும் ஒரே இடத்தில் பிடித்தால் கோடு விழும். முதல் வரிசையில் முதலாம் இழை, இரண்டாவதில் நான்காம் இழை, மூன்றாவதில் ஏழாம் இழை என மும்மூன்றாகத் தள்ளிப் பிடித்தால், பிடித்த இடம் கண்ணுக்குப் புலப்படாது.

இத்துணைப் புள்ளிகளையும் கோலம் வரைபவர் தாளில் குத்திக்கொண்டிருப்பாராயின் மாங்காயை மறந்துவிடுவார். எனவே அவர் ஜரிகை நிலம் முழுமைக்கும் மஞ்சள் வண்ணத்தைப் பூசிவிட்டுத் தாளின் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதுகிறார்: மஞ்சள், எட்டுக்கு ஒன்று, மூன்று தள்ளி. அவ்வளவே. மஞ்சள் என்பது இங்கே பட்டின் நிறமன்று. இவ்விடத்தை இவ்வாறு பிணைக்க என்னும் கட்டளைக்கு அஃது ஓர் அடையாளம். அட்டை குத்துபவர் அக்குறிப்பைப் படித்து, வரைந்தவர் வரையாத துளைகளையெல்லாம் தாமே விரித்துக் குத்துகிறார்.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பெயருக்கு முன் வந்து அதனைச் சிறப்பிக்கும் சொல்லை அடைமொழி என்பர். அடைமொழி தானாக ஒரு வினையைச் செய்வதில்லை. தான் அடுத்து நிற்கும் சொல்லை இன்னவாறு கொள்க என்று கேட்போர்க்கு உணர்த்துகிறது. செந்தாமரை என்றவழி, வெண்டாமரை முதலியவற்றினின்று பிரித்துக் காட்டுகிறது. இஃது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றவழிப் பிரித்துக்காட்ட வேறு ஞாயிறு இல்லை; இஃது இனமில்லா அடை. கட்டத்தாளின் ஓரக் குறிப்போ இனமுள்ள அடை. மஞ்சள் இடத்திற்கு ஒரு பிணைப்பு, பச்சை இடத்திற்கு வேறொரு பிணைப்பு என்று அது பிரிக்கிறது. நெசவிலும் இலக்கணத்திலும் 'அடை' என்னும் ஒரே சொல் வழங்குவது தற்செயலாயினும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அடையைப் படிப்பவர் பிழைபடப் படித்தால் என்னாகும்? இவ்வாறு ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். கோலம் வரைந்த இளைஞர், எட்டு என்பதைச் சுருக்கி 'எ' என்று மட்டும் எழுதிவிடுகிறார். அட்டை குத்துபவரோ பழைய தமிழ் எண்களைப் பயின்ற முதியவர். தமிழ் எண்ணில் எகரத்தை ஒத்த வடிவம் ஏழைக் குறிக்கும். எட்டைக் குறிப்பது அகரத்தை ஒத்த வடிவம். முதியவர் ஏழுக்கு ஒன்றாக 200 அட்டைகளையும் குத்தி முடிக்கிறார். அட்டைகள் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கின்றன.

பிழை தறியில்தான் வெளிப்படுகிறது. கோலம் 240 இழைக்கு ஒருமுறை மீண்டும் தொடங்கவேண்டும். 240ஐ எட்டால் வகுத்தால் மீதியில்லை. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஆகவே ஒரு மாங்காய்க் கட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில், ஏழு இழைக்கு ஒருமுறை வரவேண்டிய பிணைப்பு சில வரிசைகளில் இரண்டு இழையிலேயே வந்துவிடுகிறது. சிலவற்றில் ஒன்பது இழை தள்ளி வருகிறது. பொன்னிறப் பரப்பின் நடுவே தழும்புபோல ஒரு கோடு ஓடுகிறது. நெசவாளர் ஊடையை மெல்ல அடித்துப் பார்க்கிறார். இறுக அடித்துப் பார்க்கிறார். தன் கையின் குற்றமோ என்று ஐயுறுகிறார். முந்தானை பாதி நெய்தாகிவிட்டது. நெய்த ஜரிகையைப் பிரித்தால் அது மீண்டும் பயன்படாது. பழுதுள்ள சேலைக்கு முழுக்கூலி கிடைப்பது அரிது. பிழை அவருடையதன்று, இழப்பு அவருடையது.

அட்டை மாலையைத் தோளிற் சுமந்துகொண்டு அவர் முதியவரிடம் செல்கிறார்.

"ஐயா, நிலத்துப் பிணைப்பு எல்லையில் உடைகிறதே! அட்டையைச் சற்றுப் பாருங்கள்" என்கிறார்.

முதியவர் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்துத் துளைகளை எண்ணுகிறார். பின்பு கட்டத்தாளை எடுத்துவந்து ஓரத்தைப் படிக்கிறார். நெடுநேரம் அவர் வாய் திறக்கவில்லை.

"தம்பி, ஏழு என்று படித்தபோதே இருநூற்று நாற்பதை வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் கையை நிறுத்தி, வரைந்தவரைக் கேட்டிருப்பேன். தாளில் கேட்டிருந்தால் ஒரு சொல்லோடு போயிருக்கும்" என்கிறார்.

ஓரக் குறிப்பைப் படித்து விரிப்பவருக்கு இரண்டு கடமைகள் உள்ளன என்பதை அம்முதியவர் உணர்ந்திருந்தார். ஒன்று, சொன்னபடி விரித்தல். மற்றொன்று, சொன்னது பொருந்தாதாயின் விரிக்காமல் நிறுத்தி, எந்த வரியில் எந்தக் குறிப்பு பொருந்தவில்லை என்று எழுதியவருக்குத் தெரிவித்தல்.

தறியின் அட்டை தறியோடு நின்றுவிடவில்லை. 1839ஆம் ஆண்டில் லியோன் நகரில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டில் நெய்யப்பட்டது. அதற்கு 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அப்படத்தின் ஒரு படியை இங்கிலாந்து நாட்டுக் கணிதப் பேரறிஞர் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் எண்ணியிருந்த கணிக்கும் பொறிக்கு ஆணையிட அட்டைகளையே பயன்படுத்த அவர் முடிவு செய்தார். 1843இல் அப்பொறியைப் பற்றி விளக்கக் குறிப்புகள் எழுதிய லவ்லேசு அம்மையார், தறி பூக்களை நெய்வதுபோல இப்பொறி கணிதக் கோலங்களை நெய்யும் என்று ஒப்பிட்டுரைத்தார். அப்பொறி முழுமையாகச் செய்யப்படவேயில்லை. 1890இல் அமெரிக்க மக்கள் கணக்கெடுப்பில் ஹாலரித்து என்பவரின் பொறிகள் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு மக்களை எண்ணின. பிற்காலக் கணிப்பொறிகளுக்கு நெடுங்காலம் அட்டைகளே உணவாயின.

கணிப்பொறிக்கு இடும் ஆணைத்தொடரை நிரல் என்கிறோம். பொறி அறிவது உண்டு, இல்லை என்னும் இரண்டையே, அட்டையின் துளைபோல. மனிதர் அவ்வாறு எழுதுவது இடர் மிக்கது. ஆதலின், மனிதர் ஓரளவு படித்துணரத்தக்க மொழியில் எழுதியதைப் பொறியின் மொழிக்கு மாற்றித்தரும் வேறொரு நிரல் தோன்றியது. இதனை நிரல்பெயர்ப்பி என்பர். 1952இல் ஹாப்பர் அம்மையார் இத்துறையில் முன்னோடியான ஒன்றை ஆக்கினார். 1957இல் போர்ட்ரான் மொழி வெளிவந்தது. கட்டத்தாளைப் படித்து அட்டை குத்துபவரின் இடத்தில் நிரல்பெயர்ப்பி அமர்ந்தது. நிரல் பெயர்க்கப்படும் காலம் வேறு; பெயர்க்கப்பட்டது இயங்கும் காலம் வேறு. அட்டை குத்தும் நாளும் சேலை நெய்யும் நாளும் வெவ்வேறு அல்லவா?

நிரல் எழுதுவோருக்கும் ஓரக் குறிப்பு தேவைப்பட்டது. 2002இல் வெளிவந்த சி ஷார்ப் என்னும் மொழி, நிரலின் ஒரு பகுதிக்கு மேலே சதுர அடைப்புக்குள் ஓர் அடையாளச் சொல்லை எழுத இடந்தந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் அட்ரிபியூட்; தமிழில் அடை எனலாம். மொழியுடன் வரும் அடைகளேயன்றி, நிரலர் தாமே புதிய அடைகளைப் படைத்துக்கொள்ளவும் அம்மொழி இசைந்தது. 2004இல் ஜாவா மொழியும் இத்தகைய வசதியைப் பெற்றது. ஆனால் தொடக்கத்தில் இவ்வடைகள் பெரும்பாலும் எழுதிய இடத்திலேயே கிடந்தன. நிரல் இயங்கும்போது வேறொரு பகுதி அவற்றைத் தேடிப் படித்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும். நெசவாளர் ஒவ்வொரு ஊடைக்கும் எழுந்துபோய்க் கட்டத்தாளின் ஓரத்தைப் படித்துவிட்டு வருவதற்கு இதை ஒப்பிடலாம். வேலை நடக்கும், ஆயினும் காலம் செல்லும். பிழையும் நெய்யும் நாளில்தான் தெரியும்.

அடையைப் பெயர்க்கும் காலத்திலேயே படித்து நிரலை விரிப்பது அடுத்த படி. ஜாவாவில் 2006 முதல் இதற்கு வழி ஏற்பட்டது. ரஸ்ட் என்னும் மொழியில், தாமே படைத்த அடையைக் கொண்டு நிரலை ஆக்கும் முறை 2017இல் நிலைபெற்றது. அடுத்த ஆண்டில் அவ்வசதி மேலும் விரிந்தது. சி ஷார்ப்பில் 2020இல் ஆக்கிகள் வந்தன. இவற்றிடையே ஒரு வேற்றுமை உண்டு. சி ஷார்ப்பின் ஆக்கி, எழுதிய நிரலில் கைவைக்காது. புதிய பகுதிகளைச் சேர்க்க மட்டுமே செய்யும். ரஸ்டின் அடையோ, தான் அடுத்து நிற்கும் பகுதியையே எடுத்து மாற்றி எழுதித் தரவல்லது. முன்னது கோத்த மாலையில் புதிய அட்டைகளைச் சேர்ப்பது. பின்னது அட்டையையே புதிதாகக் குத்துவது. ஆற்றல் மிகுதி பின்னதற்கு; அச்சமும் அதற்கே மிகுதி.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் ஜெராக்சு நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கிசாலசு என்பாரும் அவருடைய குழுவினரும் ஆக்கிய ஆஸ்பெக்ட்ஜே என்னும் கருவி, ஒரே வகை ஆணையை நிரலின் பல இடங்களில் ஊடுருவ வைப்பது. அவ்வூடுருவலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நெய்தல்'. அதைச் செய்யும் உறுப்புக்கு 'நெசவாளர்' என்று பெயர். தறியிலிருந்து புறப்பட்ட சொல், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தன் வீட்டுப் பெயரோடு கணிப்பொறிக்குள் நுழைந்தது வியப்புக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்குக் கணக்கு நிரல் எழுதப்படுவதாகக் கொள்வோம். கூலியை மாற்றும் செயல்கள் அந்நிரலில் நாற்பது இடங்களில் உள்ளன. யார், எப்போது, எவ்வளவு மாற்றினார் என்று ஒவ்வோரிடத்திலும் பதிய வேண்டும். நாற்பது இடத்திலும் கையால் எழுதினால், ஓரிடம் விடுபடக்கூடும். விடுபட்ட இடத்தில்தான் நெசவாளரின் கூலி குறையும். எனவே நிரலர் 'பதிக' என்று ஓர் அடையைத் தாமே படைக்கிறார். அச்செயல்களின் தலையில் அதனை எழுதுகிறார். பெயர்க்கும்போது ஆக்கி அவ்வடையைக் கண்டு, பதிவுசெய்யும் ஆணைகளை அங்கங்கே விரித்து வைக்கிறது. நிரலைப் படிப்போர்க்குக் கூலிக் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. பதிவுக்குரிய ஆணைகள் இடைமறிப்பதில்லை.

நன்று. ஆனால் முதியவரின் இரண்டாம் கடமை இங்கே நிறைவேறுகிறதா? கூலியே இல்லாத ஒரு செயலின் தலையில் ஒருவர் 'பதிக' என்று எழுதிவிட்டால், ஆக்கி என்ன செய்ய வேண்டும்? பேசாமல் ஒன்றை விரித்து வைத்தால், பொருளற்ற பதிவுகள் ஏட்டில் நிறையும். பேசாமல் விட்டுவிட்டால், பதிவு நடக்கிறது என்று எல்லோரும் நம்பியிருப்பர், நடந்திராது. இரண்டிலும் கேடு பிந்தியே வெளிப்படும். வெளிப்படும்போது அதைச் சுமப்பவர், அடையைப் படைத்தவராகவோ எழுதியவராகவோ இரார். கணக்கை நம்பிக் கூலி வாங்கவந்தவராக இருப்பார். எனவே அடையைப் படைப்பவர், விரிக்கும் முறையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாகாது. எவ்விடத்தில் இது பொருந்தாது என்பதையும் எழுதி, பொருந்தாதவழிப் பெயர்ப்பு நின்று, பிழையுள்ள வரியைச் சுட்டிக்காட்டுமாறு அமைக்க வேண்டும். அனுபவமில்லாதார் பலர் இப்பகுதியைத்தான் விட்டுவிடுகின்றனர். விரிவது கண்டு மகிழ்ந்து, விரியக்கூடாத இடத்தை மறந்துவிடுகின்றனர்.

விரிந்ததைக் காண்பதும் வேண்டும். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் துளை எண்ணுவதுபோல, அடை விரித்த நிரலை முழுவடிவில் காட்டும் கருவிகள் ரஸ்டுக்கு உண்டு. சி ஷார்ப்பின் ஆக்கி எழுதியதையும் கோப்பாக எடுத்துப் படிக்கலாம். புதிய அடை ஒன்றைப் படைத்தவர் முதலில் சிறியதோர் இடத்தில் அதனை இட்டு, விரிந்ததை வரிவரியாகப் படிப்பாராயின், பின்னர் நாற்பது இடங்களிலும் அச்சமின்றி எழுதலாம். பெயர்சூட்டலிலும் கருத்து வேண்டும். 'எ' என்று சுருக்கி எழுதிய இளைஞரின் மை மிச்சமாயிற்று; ஒரு முந்தானை வீணாயிற்று.

இப்போது நெசவு ஊர்களில் கோலங்களைக் கணிப்பொறித் திரையிலேயே வரைகின்றனர். சில தறிகளில் அட்டை மாலைக்கு மாற்றாக மின்னணு ஜக்கார்டு பெட்டி ஏறியிருக்கிறது. துளை இருந்த இடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. கட்டத்தாளின் ஓரக் குறிப்போ மறையவில்லை. எந்த வண்ணத்திற்கு எந்தப் பிணைப்பு என்னும் பட்டியலாக அது திரையின் ஒரு பக்கத்தில் நிற்கிறது. புதிய கோலம் தறியேறிய அன்று ஆரணி நெசவாளர் அதை முழுதும் நம்பி ஓட்டிவிடுவதில்லை. ஒரு சாண் நெய்கிறார்; தறியை நிறுத்துகிறார்; துணியின் அடிப்புறத்தைப் புரட்டி, கோலம் முடிந்து தொடங்கும் எல்லையை விரலால் தடவிப் பார்க்கிறார்.